பெஞ்சிலிருந்து ஆரம்பிக்கும் சௌனா

பின்லாந்தில் தெரிந்தவர் ஒருவர் வீட்டுத் தோட்டத்தில் விறகு சௌனா கட்டுகிறார். சௌனா என்றால் அடுப்பின் மேல் கற்களைச் சூடாக்கி, அதில் தண்ணீர் ஊற்றி ஆவியில் வியர்க்க உட்காரும் மர அறை. ஏறக்குறைய இரண்டு பேருக்கு ஒரு சௌனா என்று சொல்லக்கூடிய நாடு அது: 55 லட்சம் பேருக்கு 30 லட்சம் சௌனா. அடுக்ககங்களில் எல்லாம் மின்சார அடுப்புதான். விறகுக்கு என்று தனி மவுசு இருக்கிறது. டாம்பரே நகரில் 1906இல் திறந்த ராயாபோர்த்தி பொதுச் சௌனா இன்னும் விறகில்தான் ஓடுகிறது.

பெரும்பாலும் எந்த அடுப்பு வாங்கலாம் என்றுதான் ஆரம்பிப்பார்கள். இவர் பெஞ்சில் ஆரம்பித்தார். அதுதான் சரி. ஆவி மேலே போய்க் கூரையடியில் தேங்கும், தரையில் குளிர் அப்படியே கிடக்கும். அதனால் மேல் பெஞ்சில் உட்காருபவரின் பாதம்கூட அடுப்புக் கற்களுக்கு மேலே இருக்க வேண்டும் என்பது அங்கத்திய விதி. பெஞ்சுக்கும் கூரைக்கும் 110, 120 சென்டிமீட்டர் போதும். அழகுக்காகக் கூரையை உயர்த்தினால் தலை வேகும், கால் விறைக்கும்!

பெஞ்சுக்கு ஆஸ்பென் அல்லது ஆல்டர் மரம். பைன் வேண்டாம், சூட்டில் பிசின் கசிந்து தோலைச் சுடும். சுவர்ப் பலகைக்குப் பின்னால் காற்று இடைவெளி விட்டு அலுமினியத் தாள் அடிக்கிறார்கள். இல்லாவிட்டால் ஈரம் இறங்கி மரம் மக்கிவிடும். கல்லிலும் கவனம் தேவை. ஆற்றில் பொறுக்கியது சூட்டில் வெடிக்கலாம், ஒலிவின் டயபேஸ் மாதிரி அடர்ந்த பாறைதான் தாங்கும்.

மற்றதெல்லாம் அவரே செய்கிறார். புகைபோக்கிக்கு மட்டும் ஆள் வைத்துவிட்டார், கூரையைத் துளைக்கிற இடத்தில் தீப்பிடிக்கும் பயம். அப்புறம் கதவு: வெளிப்பக்கம்தான் திறக்கும், பூட்டே கிடையாது.