ஐடியா எங்கேருந்து வருது?

ஆர்க்கிடெக்ட்டுன்னு சொன்னதும் எல்லாரும் கேக்கற கேள்வி இது. பின்டெரெஸ்ட்ங்கற படம் பாக்கற ஆப்லேருந்துன்னு சொன்னா நம்பிடுவாங்க, நிறைய ஆபீஸ்ல நடக்கறதும் அதுதானே. படத்தைப் பாத்து போட்ட எலிவேஷன், அதான் வீட்டு முகப்பு, நல்லாவேதான் இருக்கும், என்ன, அந்த சைட்டுக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இருக்காது.

எனக்கு உருப்படியா தோணினதெல்லாம் ஏதாவது ஒரு தொல்லையிலேருந்துதான். குறுகலான மனை, வெட்டக்கூடாத மரம், பத்தாத பட்ஜெட். ஜப்பான் ஆர்க்கிடெக்ட் தடாவோ ஆண்டோ 1976ல ஒசாகாவுல முடிச்ச சுமியோஷி வீட்டைப் பாருங்க, ரெண்டு பக்கமும் ஒட்டி ஒட்டி வீடுங்க, தெருப்பக்கம் ஒரு ஜன்னல்கூட வைக்கல, அதுக்குப் பதிலா நடுவுல மூணுல ஒரு பங்கை கூரையே இல்லாம திறந்து விட்டுட்டார், வெளிச்சம் காத்து எல்லாம் அது வழியாத்தான், மழை பெஞ்சா பெட்ரூம்லேருந்து பாத்ரூமுக்கு குடை புடிச்சிட்டுப் போகணும்! என் கிளையண்ட் யாரும் ஒத்துக்க மாட்டாங்க. கேரளாவுல சிக்கனமா வீடு கட்டின ஆர்க்கிடெக்ட் லாரி பேக்கர் செங்கலை நிமித்தி வச்சு உள்ள இடைவெளி விட்டுக் கட்டினதும் அப்படித்தான், செங்கல் கிட்டத்தட்ட கால்வாசி மிச்சம், சுவரும் சூட்டை உள்ள விடாது.

கொள்கைன்னு பெருசா பேசறோம், அது அடி வாங்கறது என்னவோ காஸ்ட் குறைக்கற மீட்டிங்லதான். மேற்குப் பக்கம் முழுக்க கண்ணாடி வேணும்பாங்க. சாயங்கால வெயில் தாழ்வா வரும், மேல எவ்ளோ நீட்டி சன்ஷேட் போட்டாலும் கீழ புகுந்துடும், கண்ணாடிக்கு வெளிய செங்குத்தா பலகை மாதிரி ஃபின் வச்சாதான் ஓரளவு தடுக்கும். டிராயிங்ல இருக்கும், ஆனா பட்ஜெட் இடிச்சா முதல்ல காணாம போறது அந்த ஃபின்தான். அதனால இப்பல்லாம் அதை அழகுன்னு சொல்லி காட்டறதே இல்ல, ஏசி லோடு எவ்ளோ குறையும்னு கணக்கோட போய் உக்காருவேன். அழகைப் பத்திப் பேசினா தோத்துடுவோம், கரண்ட் பில்லைப் பத்திப் பேசினா அதே ஃபின் தப்பிச்சிடும்.

ஆனா 1996ல பிரான்ஸ்ல போர்தோ நகரத்துல லக்காத்தோன், வசால்னு ரெண்டு ஆர்க்கிடெக்ட்டுங்க செஞ்சது வேற லெவல். ஒரு சதுக்கத்தை அழகுபடுத்தச் சொல்லி வேலை வந்தது, போய்ப் பாத்து, அங்க இருக்கற ஜனங்ககிட்ட பேசி, இது இப்படியே நல்லாத்தான் இருக்கு, ஒழுங்கா பராமரிச்சா போதும்னு சொல்லிட்டாங்க. 2021ல ஆர்க்கிடெக்சர்லயே பெரிய விருதான பிரிட்ஸ்கர் விருது வாங்கினவங்க இவங்க. கட்டுற செலவுல இத்தனை சதவீதம்னு ஃபீஸ் வாங்கற தொழில்ல எதுவும் கட்ட வேணாம்னு சொல்லணும்னா தனி தில் வேணும், நான் இன்னும் மரத்துக்காக பிளானை வளைக்கற அளவுக்குத்தான் வந்திருக்கேன்.