வால்பேப்பர் உரித்த ஜிப்சம் போர்டில் பட்டி வைக்கும் முன்

சென்னையில் ஒரு பெயிண்டரைக் கூப்பிட்டு, "வால்பேப்பர் உரிச்ச சுவர், பட்டி பார்த்து பெயிண்ட் அடிக்கணும்" என்று சொன்னால், அவர் கை முதலில் போவது தண்ணீர் வாளிக்குத்தான். சுவரை நனைத்து, வெள்ளை சிமென்ட் பட்டியைக் குழைத்து இழுத்துவிடுவார். செங்கல் கட்டி சிமென்ட் பூசிய சுவருக்கு அது சரியான பழக்கம்; வெள்ளை சிமென்ட் இறுகுவதற்கு ஈரம் வேண்டும். அதையே ஜிப்சம் போர்டில், அதாவது நடுவில் ஜிப்சம் வைத்து இருபுறமும் தாள் ஒட்டிய பலகையில் செய்தால், கொப்புளம் கொப்புளமாக எழும்பும். பட்டி மட்டமான சரக்கு என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போய்ப் பயனில்லை.

முதலில் எந்தச் சுவர் என்று பாருங்கள். ஓ.எம்.ஆர். பக்கத்து அலுவலகத் தடுப்புகள், ஃபிளாட்டில் பிற்பாடு மறித்த அறை, டிவிக்குப் பின்னால் அடித்த பேனல் எல்லாம் பெரும்பாலும் போர்டுதான். தட்டினால் டொக்கென்று உள்ளே வெற்றிடம் கேட்கும். சந்தேகமாக இருந்தால் சுவிட்ச் பாக்ஸ் ஓரத்தில் ஆணியால் கீறுங்கள். சாம்பல் தூள் வந்தால் சிமென்ட் பூச்சு. வெள்ளைத் தூள் மட்டும் வந்தால் செங்கல் மேல் பூசிய ஜிப்சம். தாள் கிழிந்து அதற்கடியில் வெள்ளைத் தூள் வந்தால் போர்டு. இங்கே சொல்வது இந்தக் கடைசி வகைக்கு.

போர்டின் முகத்தாள் பல அடுக்கு. மேலடுக்கு தண்ணீரை ஓரளவு தாங்கும். வால்பேப்பரோடு அந்த அடுக்கும் உரிந்து வந்துவிட்டால், உள்ளே இருக்கும் பழுப்புத்தாள் தண்ணீரை உறிஞ்சி உப்பும். மேலே வைத்த பட்டியில் இருப்பதும் தண்ணீர்தானே. உப்பிய அடுக்கு கீழடுக்கை விட்டுப் பிரிந்து கொப்புளமாகிறது. பழுப்பு நிறம் தெரிகிற இடத்தில் எல்லாம் இதை எதிர்பார்க்கலாம்.

அதற்கும் முன்னால் கவனிக்க வேண்டியது, வால்பேப்பர் ஒட்டியிருந்த பசை. கண்ணுக்குத் தெரியாமல் படலமாக இருக்கும். அதன்மேல் பெயிண்ட் அடித்தால் சில வாரத்தில் மயிர்க்கோடாக வெடித்துச் செதிலாக உரியும். ஈர விரலால் தடவிப் பாருங்கள், வழுக்கினால் பசை இருக்கிறது. காயத்துக்குப் போடும் பொவிடோன் அயோடின் மருந்தை நிறையத் தண்ணீரில் கலந்து ஒரு சொட்டு வைத்தால், ஸ்டார்ச் பசை கருநீலமாகிவிடும். செல்லுலோஸ் பசை நிறம் மாறாது என்பதால் விரல் சோதனையையும் விடக்கூடாது. மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் ஸ்பாஞ்சை நனைத்துப் பிழிந்து துடைக்க வேண்டும். ஸ்பாஞ்சிலிருந்து தண்ணீர் வழியக் கூடாது. 3 அடிக்கு 3 அடியாக எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு பகுதிக்கும் தண்ணீரை மாற்றுங்கள். அதே அழுக்குத் தண்ணீரில் துடைத்தால் பசையை இடம் மாற்றியது போலத்தான். பழுப்புத்தாள் தெரிகிற இடத்தைத் தொடவே வேண்டாம். ஃபேனைப் போட்டு ஒரு நாள் முழுக்கக் காய விடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் இரண்டு நாளும் ஆகும். முடிந்தால் இந்த வேலையையே தை பிறந்த பிறகு வைத்துக்கொள்வது நல்லது.

அடுத்தது கிழிசல். பிசிறிக்கொண்டிருக்கும் ஓரத்தைச் சுற்றிப் புது பிளேடு போட்ட கட்டரால் லேசாகக் கோடு கிழித்து, கோடு வரைக்கும் மட்டும் உரித்தெடுங்கள். கோடு போடாமல் இழுத்தால் கிழிசல் ஓடிக்கொண்டே போகும். எழும்பி நிற்கும் நாரை 150 நம்பர் உப்புத்தாளால் இரண்டு தேய்ப்பு, அவ்வளவுதான். வெள்ளை தெரியும் வரை தேய்த்தால் புதிதாக ஒரு பள்ளத்தை உண்டாக்கியிருப்பீர்கள்.

இப்போதுதான் பலரும் தாண்டிப் போகிற கட்டம். பழுப்புத்தாளுக்குள் தண்ணீர் இறங்காதபடி மேலே ஒரு பூச்சு பூசி அடைக்க வேண்டும். தண்ணீர் கலக்கும் சாதாரண பிரைமர் இதற்கு ஆகாது, அதிலும் தண்ணீர்தான். டர்பன்டைன் கலக்கும் ஆயில் பிரைமரை ஒரு கோட், கிழிசலைத் தாண்டி 2 இஞ்ச் வரை அடித்து ஓர் இரவு காய விடலாம். அவசரமென்றால் மரச்சாமான் பாலிஷ்காரர்கள் கலக்கும் அரக்கு பாலிஷ்: ஒரு லிட்டர் ஸ்பிரிட்டுக்கு சுமார் 150 கிராம் அரக்கு. முக்கால் மணி நேரத்தில் காய்ந்துவிடும். ஸ்பிரிட் பட்டென்று தீப்பிடிக்கும், ஜன்னலைத் திறந்து வையுங்கள், பூஜை விளக்கையும் அடுப்பையும் அணைத்துவிடுங்கள். காய்ந்ததும் தாள் விறைத்து, நகத்தால் தடவினால் நார் எழும்பக் கூடாது. எழும்பினால் இன்னொரு கோட்.

பட்டி என்று கேட்காமல், கடையில் ஜிப்சம் போர்டுக்கான ஜாயின்டிங் காம்பவுண்ட் என்று கேளுங்கள். வெள்ளை சிமென்ட் பட்டி ஆயில் பிரைமரைச் சரியாகப் பிடிக்காது, பிடித்தாலும் கல்லாக இறுகித் தேய்க்க விடாது. பிரைமர் மேல் 220 உப்புத்தாளை ஒருமுறை ஓட்டிவிட்டு, 6 இஞ்ச் பிளேடால் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் போகாமல் இழுங்கள். இரண்டாவது கோட்டுக்கு 10 இஞ்ச் பிளேடு. ஓரத்தை அரை அடி தள்ளி ஒன்றுமில்லாமல் கரைய விடுங்கள். சுவர் முழுக்கக் கிழிந்திருந்தால் கணக்கு: 100 சதுர அடிக்கு ஒரு மில்லிமீட்டர் கனம் என்றால் 9 லிட்டருக்குச் சற்று மேலே, சேதாரம் சேர்த்து 10 லிட்டர். ஒவ்வொரு கோட்டும் முழுதாகக் காய்ந்தபின் தேய்த்து, தூசியைத் துடைத்துவிட்டுத்தான் அடுத்தது. அறை விளக்கில் எல்லாமே மட்டமாகத்தான் தெரியும். மொபைல் டார்ச்சை சுவரோடு ஒட்டி வைத்துப் பக்கவாட்டில் அடித்தால் மேடு பள்ளம் காட்டிக்கொடுத்துவிடும்.

இவ்வளவுக்கும் பிறகு ஒரு கொப்புளம் வந்தால் அமுக்கி மேலே பூசாதீர்கள். அது தளர்ந்த தாள். வெட்டி எடுத்து, அடைத்து, மறுபடி நிரப்புங்கள்.

ஆணி ஓட்டைகளுக்கு காம்பவுண்டே போதும். 2 இஞ்ச் வரை உள்ள ஓட்டைக்கு வலை டேப் ஒட்டி மூன்று கோட். அதைவிடப் பெரிதென்றால் சதுரமாக வெட்டி, உள்ளே இரண்டு மரச்சட்டம் நுழைத்துத் திருகி, அதே நாலு நூல் போர்டிலிருந்து, அதாவது 12.5 மில்லிமீட்டர், துண்டு வெட்டிப் பொருத்த வேண்டும். திருகின் தலை தாளைக் கிழிக்காமல் சற்றே அமுங்கினால் போதும், தாள் கிழிந்துவிட்டால் அந்தத் திருகுக்குப் பிடிமானம் இல்லை.

வினைல் வால்பேப்பருக்குப் பின்னால் கருப்புப் புள்ளியோ ஓத வாடையோ இருந்தால் எல்லா வேலையையும் நிறுத்துங்கள். வினைல் ஈரத்தை வெளியே விடாது. பாத்ரூமை ஒட்டிய சுவரிலும், மழைச் சாரல் வாங்கும் வெளிச்சுவரை ஒட்டி அடித்த போர்டிலும் இது சகஜம். கட்டைவிரலால் அழுத்தினால் போர்டு மெத்தென்று இருக்கிறதா, அந்தப் பகுதியை வெட்டி எறிந்துவிட்டு, கசிவை அடைத்தபின் ஈரம் தாங்கும் பச்சை போர்டு போடுங்கள். காம்பவுண்டால் அதைக் காப்பாற்ற முடியாது.

கடைசியில் சுவர் முழுக்க ஒரு கோட் பிரைமர், பிறகு இரண்டு கோட் எமல்ஷன். பளபளப்பு வகை ஒட்டுப்போட்ட சுவரின் ஒவ்வொரு தழும்பையும் காட்டும், மேட் ஃபினிஷ் எடுங்கள். மறுபடி வால்பேப்பர்தான் ஒட்டப்போகிறீர்கள் என்றாலும் இந்த பிரைமரைத் தவிர்க்க வேண்டாம். வெறும் போர்டில் ஒட்டினால் பசை தாளோடு ஒன்றிவிடும். அடுத்த முறை உரிக்கும்போது இதே பழுப்பு நிறம்தான் தெரியும்.