அண்ணாமலையாரின் பின்பக்கம்

அப்பாவின் இதய அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தால் மூணு பேரும் கிரிவலம் வருகிறோம் என்று அம்மா வேண்டிக்கொண்டிருந்தார். மெதுவாக, உட்கார்ந்து உட்கார்ந்து நடக்கலாம் என்று டாக்டர் சொன்னதும் திருவண்ணாமலைக்குக் கிளம்பிவிட்டோம்.

பௌர்ணமிக் கூட்டம் விடியற்காலையிலும் குறையவில்லை. ராஜகோபுரத்தின் எதிரே கற்பூரம் ஏற்றி நிமிர்வதற்குள் "தனி வழியில தரிசனம் பண்ணி வைக்கிறேன், வாங்க" என்று இரண்டு பேர் விடாமல் பின்தொடர்ந்தார்கள். வேண்டுதலோடு வருகிறவர்களின் தவிப்பைக் காசாக்குவது எவ்வளவு பெரிய பாவம்!

இந்திர லிங்கம், அக்னி லிங்கம், எம லிங்கம் என்று ஒவ்வொரு சந்நிதியிலும் விபூதி வாங்கிக்கொண்டு நடந்தோம். செருப்பில்லாத காலில் பொடிக்கல் குத்திக்கொண்டே இருந்தது. 14 கிலோமீட்டரில் பாதி தாண்டி, மலைக்குப் பின்பக்கம் இருக்கும் ஆதி அண்ணாமலைக்கு வந்தபோது நன்றாக வெயில் ஏறிவிட்டது. அம்மா மலையைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார். "இது நம்ம மலையாடா?" என்றார்.

அவர் தினமும் கும்பிடுவது பூஜையறைப் படத்தில் கோபுரத்துக்குப் பின்னால் கூம்பாக நிற்கும் மலையை. இங்கேயோ அது மடிப்பு மடிப்பாக அகன்று கிடந்தது. அதே அண்ணாமலையார்தான். நாங்கள்தான் இத்தனை நாளும் ஒரு பக்கமாகவே நின்று கும்பிட்டிருக்கிறோம்.

பக்கத்தில் அப்பா அம்மாவின் தோளைப் பிடித்தபடி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். எங்கே போனாலும் பத்தடி முன்னால் நடக்கிறவர் அவர். அம்மா பின்னால் ஓட்டமும் நடையுமாகப் போவார். அன்று காலை முழுக்க இருவரும் சேர்ந்தே நடந்து வந்திருந்தார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து 'ஏன் எங்களைக் கைவிட்டாய்' என்று அண்ணாமலையானிடம் நான் சண்டை போட்ட அந்த நோய்க்கும் இப்படி ஒரு பக்கம் இருந்திருக்கிறது. எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

கிரிவலம் முடித்துக் கோவிலுக்குள் போனோம். மணிக்கணக்கில் வரிசை. சந்நிதியில் நாலு விநாடி நிற்பதற்குள் "நகருங்க, நகருங்க" என்று தள்ளிவிட்டார்கள். வருத்தம்தான். ஆனால் பிராகாரம் சுற்றும்போது கருவறையின் பின்பக்கத்தில் லிங்கோத்பவர்! எந்தச் சிவன் கோவிலிலும் நான் ஒரு கும்பிடு போட்டுவிட்டுக் கடந்துபோகிறவர். அன்னமாய்ப் பிரம்மா மேலே பறக்க, வராகமாய்த் திருமால் கீழே தோண்ட, அடியும் முடியும் காட்டாமல் நிற்கிறார். பிரம்மாவுக்கும் பெருமாளுக்குமே முழுசாகக் காட்டாதவன், எங்களுக்கு மலையைச் சுற்ற வைத்து இன்னொரு பக்கத்தைக் காட்டினானே! அங்கேயே விழுந்து கும்பிட்டேன்.

கிரிவலம் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். முடிந்தால் கூட்டமில்லாத நாளில், பகல் வெளிச்சத்தில் போங்கள். ஆதி அண்ணாமலையில் அவசரப்படாமல் நின்று மலையைப் பாருங்கள். எங்கள் அப்பாவை மறுபடி நடக்க வைத்து வரவழைத்த அருணாசலனுக்குக் கோடி நமஸ்காரம். அண்ணாமலையானுக்கு அரோகரா!