உள்ளங்காலில் கூலன்ட் படாது

கோவையில் ஒரு சின்னப் பட்டறையில் சிஎன்சி மெஷின் ஓட்டுகிறேன். வயது 29. போன வருடம் எனக்கு வந்த ஒரு பால்வினை நோயைப் பற்றி ராத்திரி ராத்திரியாகப் போனில் தேடிக்கொண்டிருந்தபோது தமிழில் கிடைத்ததில் பாதி பயமுறுத்தல், மீதி லேகிய விளம்பரம். ஆஸ்பத்திரிக்குள் போனால் முதலில் எந்த ஜன்னல், என்ன கேட்பார்கள், பேண்ட்டைக் கழற்றச் சொல்வார்களா என்றெல்லாம் ஒருத்தரும் எழுதவில்லை. (சொல்வார்கள். இரண்டு நிமிஷம்தான்.) அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இரண்டு உள்ளங்கையிலும் செம்பு நிறத்தில் பொட்டுப் பொட்டாக வந்தது. அரிப்பு இல்லை, வலி இல்லை. மெஷின் சூடாகாமல் இருக்க ஊற்றுகிற கூலன்ட் திரவத்தில் நாள் முழுக்கக் கை நனைகிற எங்களுக்குத் தோல் பிரச்சினை புதிதல்ல, பட்டறையில் பாதிப் பேருக்கு விரலிடுக்கில் வெடிப்பு இருக்கும். "தேங்காயெண்ணெயைத் தடவிட்டு க்ளவுஸ் மாட்டுடா" என்றார் ஃபோர்மேன் அண்ணன். பக்கத்துக் கிளினிக் ஒன்றில் அலர்ஜி என்று சொல்லி ஒரு ஸ்டீராய்டு களிம்பு எழுதிக் கொடுத்தார்கள், பத்து நாள் தடவினேன், ஒரு பொட்டுகூட மங்கவில்லை. நடுவில் லேசான காய்ச்சல் வேறு, கழுத்தில் நெறி கட்டியது.

அடுத்துப் போனது வயதான ஒரு தோல் டாக்டரம்மாவிடம். கையை விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், "ஷூவைக் கழட்டுங்க" என்றார். உள்ளங்காலிலும் அதே பொட்டு. நான் அதுவரை பார்த்ததே இல்லை.

"கூலன்ட் ஷூவுக்குள்ளயும் போகுமா தம்பி?"

எனக்குப் பதில் வரவில்லை. சாப்பிட்டாச்சா என்று கேட்கிற அதே குரலில் அடுத்த கேள்வி வந்தது: "ரெண்டு மூணு மாசத்துக்கு முன்னாடி ஆண்குறியில புண்ணு ஏதாச்சும் வந்து ஆறுச்சா?"

வந்திருந்தது. அரைப் பட்டாணி அளவு, ஓரம் மட்டும் குருத்தெலும்பு மாதிரி கெட்டியாக. ஜிப் கிழித்திருக்கும் என்று விட்டுவிட்டேன். மூன்று நாலு வாரத்தில் தானாகவே ஆறியது, ஆறியதும் நிம்மதியாகி அதை மறந்தும் போனேன். வலித்திருந்தால் மறுநாளே ஓடியிருப்பேன், வலிக்காததால்தான் ஏமாந்தேன். இந்தக் கிருமியின் தந்திரமே அதுதானாம். புண் ஆறிவிடும், கிருமி ரத்தத்தில் இருக்கும். பிறகு கையில், காலில், உடம்பில் பொட்டு வரும், அதுவும் வைத்தியமே பார்க்காவிட்டாலும் மறைந்துவிடும். அப்புறம் சத்தமே இல்லாமல் வருஷக்கணக்கில் உள்ளே கிடந்து சிலருக்கு இதயம், மூளை, நரம்பு என்று போய்க் கை வைக்கும். பெயர் சிஃபிலிஸ். எங்கள் ஊர்ப் பெரியவர்கள் மேகப்புண் என்பார்கள், இன்னும் மோசமாக பொம்பளை சீக்கு என்பார்கள். ஆணிடமிருந்து பெண்ணுக்கும் பரவுகிற நோய்க்கு இந்தப் பெயரை எவன் வைத்தானோ.

விடிஆர்எல் என்கிற ரத்தப் பரிசோதனையில் 1:64 என்று வந்தது. ரத்தத்தை 64 மடங்கு நீர்க்க வைத்தும் வினை காட்டுகிறது என்று அர்த்தம். இந்தப் பரிசோதனை வேறு சில காரணங்களாலும் பாசிட்டிவ் காட்டலாம் என்பதால் டிபிஎச்ஏ என்று இன்னொன்றும் எடுத்து உறுதி செய்தார்கள். "ஒரே நாள் ஊசியில முடிஞ்சிரும். ஆனா ஊசி ஒத்துக்காம மயக்கம் வந்தா பார்க்க ஆள் வேணும், பெரியாஸ்பத்திரிக்கே போயிருங்க" என்று சீட்டு எழுதிக் கொடுத்தார் டாக்டரம்மா.

அந்தச் சீட்டைப் பர்சில் வைத்துக்கொண்டு ஒன்பது நாள் சும்மா திரிந்தேன். ஏன் என்று கேட்காதீர்கள்.

அரசு ஆஸ்பத்திரியில் இந்த இடத்துக்குப் பெயர் சுகவாழ்வு மையம். ஓ.பி. சீட்டு வாங்கும் ஜன்னலில் எதற்கு என்று கேட்டால் "தோல்" என்று சொன்னால் போதும், நான் அதைத்தான் சொன்னேன். உள்ளே போனதும் ஒரு நர்ஸ் "மொதல்ல கவுன்சிலரைப் பாருங்க" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் வார்டு கவுன்சிலருக்கு இங்கே என்ன வேலை, அவருக்கு எங்கப்பாவை வேறு தெரியுமே! நல்லவேளை, கதவைத் திறந்தால் ஆலோசனை சொல்லும் ஒரு அக்கா.

அந்த அக்கா கேட்ட கேள்விகளை அப்படியே சொல்லிவிடுகிறேன், தெரிந்துகொண்டு போனால் கொஞ்சம் லேசாக இருக்கும். கடந்த ஆறு மாதத்தில் யார் யாரோடு, ஆணா பெண்ணா, வாய்வழி உண்டா, ஆணுறை போட்டீர்களா, மருந்து எதுவும் ஒத்துக்காதா. நான் இரண்டு பேர் என்றேன். ஒருத்தி ஏழெட்டு மாதம் பழகிப் பிரிந்தவள், இன்னொன்று டூர் போன இடத்தில் ஒரு ராத்திரி, பெயர்கூடச் சரியாகத் தெரியாது. தலையைக் குனிந்தபடி சொல்லி முடித்து நிமிர்ந்து பார்த்தால் அவர் ரேஷன் கடையில் பில் போடுவது மாதிரி எழுதிக்கொண்டிருக்கிறார். அந்த முகத்துக்கு நான் கோயில் கட்டுவேன்.

அங்கே மருந்தெல்லாம் நிறம் நிறமான அட்டைப்பெட்டியில் வருகிறது. ஒழுக்குக்குச் சாம்பல், புண்ணுக்கு வெள்ளை, அக்கிக் கொப்புளத்துக்குச் சிவப்பு, இப்படி. "இவருக்கு வெள்ளை" என்று டாக்டர் சொன்னால் நர்ஸுக்குப் புரியும், வரிசையில் பின்னால் நிற்பவனுக்குப் புரியாது. பக்கத்திலேயே நம்பிக்கை மையம், அங்கே கையெழுத்து வாங்கிக்கொண்டு எச்ஐவி பரிசோதனை. அன்றைக்கு நெகட்டிவ். தொற்றிய புதிதில் தெரியாமல் போகலாம் என்பதால் மூன்று மாதம் கழித்து மறுபடி வரச் சொன்னார்கள், அதுவும் நெகட்டிவ். அந்த மூன்று மாதத்தைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை.

ஊசி. பென்சதீன் பென்சிலின், 24 லட்சம் யூனிட். முதலில் முன்கையில் தோலுக்குள் துளி மருந்து ஏற்றி, அதைச் சுற்றிப் பால்பாயின்ட் பேனாவால் வட்டம் போட்டு, அரை மணி நேரம் உட்கார வைத்தார்கள். தடிக்கவில்லை. அப்புறம் நர்ஸம்மா பொடி இருந்த குப்பிக்குள் தண்ணீரை ஏற்றி இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்து உருட்டினார், தயிர் கடைகிற மாதிரி நிதானமாக. மருந்து கெட்டிப் பால்போல ஆனது. "இது ஊசியிலயே அடைச்சுக்கும் தம்பி, நான் நிறுத்தாம ஏத்துவேன், அசையாதீங்க." பாதி இந்தப் பக்கப் பிட்டத்தில், பாதி அந்தப் பக்கத்தில். பொய் சொல்லப் போவதில்லை, வலிக்கும். சைக்கிள் சீட்டில் மூன்று நாள் உட்கார முடியவில்லை. அன்று ராத்திரி குளிர் நடுக்கத்தோடு 102 டிகிரி காய்ச்சல், பொட்டெல்லாம் இன்னும் சிவந்தது. கிருமி மொத்தமாகச் சாகும்போது சில பேருக்கு முதல் நாள் இப்படி வரும், தானாக அடங்கிவிடும், பாராசிட்டமால் போதும் என்று அந்த அக்கா முன்பே சொல்லியிருந்ததால் பயப்படவில்லை. அம்மா மட்டும் ரசம் வைத்துக்கொடுத்து "வைரல் காய்ச்சல் ஊரெல்லாம் பரவுது கண்ணு" என்றாள். ஆமாம்மா என்றேன்.

ஊசியைவிடப் பழகிப் பிரிந்தவளுக்குச் சொல்வதுதான் பெரிய பாடாக இருந்தது. யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று எந்தப் பரிசோதனையும் சொல்லாது, அதனால் குற்றம் சொல்கிற தொனி வரவே கூடாது என்று அக்கா சொல்லி அனுப்பியிருந்தார். நாலு தடவை டைப் பண்ணி அழித்தேன். கடைசியில் அனுப்பியது இதுதான்: "எனக்கு சிஃபிலிஸ்னு வந்திருக்கு. ஊசி போட்டாச்சு. நீயும் ஒரு ரத்தப் பரிசோதனை பண்ணிக்கோ, விடிஆர்எல்னு கேளு." நீல டிக் வந்தது, பதில் வரவில்லை. ஆறாம் நாள் வந்தது. "எனக்கும் இருக்கு. ஊசி போட்டுட்டேன். இனிமே மெசேஜ் பண்ணாத." இன்னொருத்திக்குச் சொல்ல என்னிடம் நம்பரே இல்லை. அது அப்படியே கிடக்கிறது.

அப்புறம் ஒரு சங்கதி, இதைத்தான் யாரும் பேசுவதில்லை. பொட்டெல்லாம் மறைந்த பிறகு எனக்கு உடம்பு எதற்கும் எழவில்லை. ஆசை வந்தால் கூடவே அந்தப் புண் ஞாபகம் வரும், அவ்வளவுதான், அணைந்துவிடும். பஸ் ஸ்டாண்டு கழிப்பறைச் சுவரில் லாட்ஜ் ரூம் நம்பரோடு ஒட்டியிருக்கும் 'நரம்புத் தளர்ச்சியா?' நோட்டீஸை போட்டோ எடுத்து வைத்திருந்தேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். மூன்றாம் மாதப் பரிசோதனைக்குப் போனபோது வெட்கத்தை விட்டு அங்கிருந்த டாக்டரிடம் கேட்டேன். "காலையில எழும்போது விறைப்பு இருக்கா?" இருக்கிறது. "அப்ப ரத்தக் குழாய், நரம்பு எல்லாம் ஒழுங்காத்தான் வேலை செய்யுது. தூக்கத்துல ஒரு ராத்திரிக்கு நாலஞ்சு தடவை அது தானா வரும்." பயத்தில் சுரக்கிற அட்ரினலின் அந்த இடத்து ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடுமாம், புலி துரத்தும்போது உடம்பு எப்படிச் சரசத்துக்குத் தயாராகும் என்று சிரித்தார். மாஸ்டர்ஸ், ஜான்சன் என்று இரண்டு அமெரிக்கர்கள் 1960களில் இதை ஆய்வுக்கூடத்திலேயே வைத்துப் பார்த்து கிளர்ச்சி, நிலைப்பு, உச்சம், தணிவு என்று நாலு கட்டமாகப் பிரித்தார்களாம். தன் உடம்பையே தான் நின்று வேடிக்கை பார்க்கிறவனுக்கு முதல் கட்டமே தாண்டாது என்று எழுதியவர்களும் அவர்கள்தான் என்றார். நான் பார்த்தது வேடிக்கைகூட இல்லை, சிசிடிவி. மாத்திரை எதுவும் தரவில்லை. இரண்டு மாதத்தில் தானாகவே சரியானது. அந்த போட்டோவையும் அழித்துவிட்டேன்.

விடிஆர்எல் மூன்றாம் மாதம் 1:16, ஆறாம் மாதம் 1:4, ஒரு வருடத்தில் 1:2. நாலில் ஒரு பங்காகக் குறைந்தாலே மருந்து வேலை செய்கிறது என்றுதான் அர்த்தம். டிபிஎச்ஏ மட்டும் பெரும்பாலும் ஆயுசுக்கும் பாசிட்டிவாகவே நிற்கும், தழும்பு மாதிரி, அதைப் பார்த்து மறுபடி அலற வேண்டாம். ஒருமுறை வந்தால் திரும்ப வராது என்றும் கிடையாது, தொற்றினால் வரும்.

இதற்கிடையில் வீட்டில் பெண் பார்த்தார்கள். இரண்டு ஜாதகத்தைச் சாக்குச் சொல்லித் தட்டிவிட்டேன். மூன்றாவது பெண்ணிடம் பேசப் பிடித்திருந்தது. அவரைப் பேக்கரியில் பார்த்து, டீ வருவதற்குள் சொல்லிவிட்டேன், இல்லாவிட்டால் சொல்லியிருக்க மாட்டேன். ரிப்போர்ட் இருக்கிறதா என்று கேட்டார். நாலு தாளையும் வரிசையாக வைத்தேன். ஒவ்வொன்றாகப் படித்து, "64, 16, 4, 2... குறைஞ்சிருக்குதுங்க" என்று மட்டும் சொல்லி, மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார். "எங்களுக்குத் தெரிஞ்ச டாக்டர் ஒருத்தர்கிட்டக் காட்டிட்டுச் சொல்றேனுங்க. வீட்ல நீங்க எதுவும் பேச வேண்டாம்." பப்ஸைப் பாதி சாப்பிட்டுவிட்டுப் பஸ்ஸுக்குக் கிளம்பினார்.

இன்றோடு 11 நாள் ஆகிறது. தாள்கள் இன்னும் அவரிடம்தான் இருக்கின்றன.