அம்மா குடிக்க ஒத்துக்கொண்ட புரோட்டீன்

அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் முடிந்து மூன்று வாரம். எடை 52 கிலோ. கிட்னி எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் டெஸ்ட் எல்லாம் பார்த்துவிட்டு, ஒரு நாளைக்கு 60 கிராம் புரோட்டீன் உள்ளே போயாக வேண்டும் என்று டயட்டீஷியன் எழுதிக் கொடுத்துவிட்டார். சாதாரணமாக கிலோவுக்கு 0.83 கிராம் போதும், அம்மா எடைக்கு 43தான் வரும். புண் ஆறி, வற்றிப்போன தொடை தேற வேண்டும் என்பதால் கூடுதல். அம்மா சாப்பிடுவதோ மூன்று இட்லி, கைப்பிடி ரசம் சோறு, ராத்திரி அரை டம்ளர் பால். முட்டை வாடையே ஆகாது. எப்படிக் கூட்டினாலும் 25 கிராமுக்கு மேல் தேறவில்லை.

முதலில் பவுடர்தான் வாங்கினேன். எதுவானாலும் சூடாக இருந்தால்தான் அம்மாவுக்கு இறங்கும், அதனால் கொதிக்கிற பாலில் வே பவுடரை (பால் திரிந்தால் பிரியும் தண்ணீரிலிருந்து எடுக்கிற புரோட்டீன்) கொட்டிக் கலக்கினேன், அவ்வளவுதான், முட்டை வெந்த மாதிரி திப்பி திப்பியாகத் திரண்டுவிட்டது. வே புரோட்டீனுக்குச் சூடு ஆகாது என்று அப்புறம்தான் தெரிந்தது. சரி, கலக்குகிற வேலையே வேண்டாம், அப்படியே குடிக்கிற பாட்டிலாகப் பார்ப்போம் என்று சேலத்தில் அஸ்தம்பட்டியிலும் ஃபேர்லேண்ட்ஸிலும் கடை கடையாக ஏறி இறங்கினேன்.

தண்ணீர் மாதிரித் தெளிவாக, எலுமிச்சை வாசனையோடு ஒன்று. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஒரு வாய் குடித்துவிட்டு அம்மா சொன்னது: "என்ன கண்ணு, வாழைப்பூ ஆய்ஞ்ச கையை நக்குன மாதிரி இருக்கு." நானும் குடித்துப் பார்த்தேன், அதேதான். கலங்காமல் இருக்க அதை நல்ல புளிப்பில் வைக்கிறார்கள், அந்தப் புளிப்பில் வே புரோட்டீன் எச்சிலில் உள்ள புரோட்டீனோடு ஒட்டிக்கொள்ள, வாய் வறண்டு துவர்க்கிறது. வெனிலா ஒன்றில் சர்க்கரைக்குப் பதில் சுக்ரலோஸ் என்ற செயற்கை இனிப்பு. குடித்து அரை மணி நேரம் ஆகியும் தித்திப்பு தொண்டையை விட்டு இறங்கவில்லை, அதற்குமேல் அம்மா ரசத்தைக் கூடக் குறை சொன்னார்.

இன்னொன்றின் முன்பக்கம் 'புரோட்டீன்' என்று கொட்டை எழுத்து. பின்னால் திருப்பினால் 200 மில்லியில் 8 கிராம். சாதாரணப் பாலே அந்த அளவுக்கு ஆறரை கிராம் கொடுக்கிறது! சேர்மானப் பட்டியலில் எடை அதிகமானது முதலில் வர வேண்டும் என்பது விதி. அதில் பாலுக்கு அடுத்து நின்றது சர்க்கரை. இதற்கு நூறு ரூபாய்க்கு மேல் கொடுத்தேன் என்பதை அம்மாவிடம் சொல்லவில்லை.

கடைசியில் சரிப்பட்டது பால் புரோட்டீனில் செய்த சாக்லேட் டெட்ரா பேக், ஒன்றில் 20 கிராம். அதிலும் ஒரு குறை உண்டு. மாதக்கணக்கில் வெளியே இருந்தாலும் கெடாமலிருக்க 135 டிகிரிக்கு மேல் சில விநாடி காய்ச்சுகிறார்கள் இல்லையா, அந்தக் காய்ந்த பால் வாடை. அதை எது மறைக்கும் என்று யோசித்தபோது அடுப்படியில் டிக்காஷன் இறங்கிக்கொண்டிருந்தது. ஏற்காட்டுக் கொட்டை, சிக்கரி கலக்காதது. காக்பர்ன் என்ற வெள்ளைக்காரர் இங்கே சேலத்தில் கலெக்டராக இருந்த 1820களில் மலையேறிய செடி, என் அவசரத்துக்கும் உதவியது. அரை பேக்கை ஃபிரிட்ஜில் வைக்காமல் டம்ளரில் ஊற்றி, கெட்டி டிக்காஷனைச் சூடாக இரண்டு கரண்டி விட்டேன். கசப்பு அந்தத் தித்திப்பை அடக்கியது, வாடையும் அமுங்கியது. வெதுவெதுப்பாகவும் ஆனது, அம்மாவுக்கு அதுதானே வேண்டும்.

மிச்ச அரை பேக்கை மூடி ஃபிரிட்ஜில் வைத்து, சாயங்காலத்துக்குள் முடித்துவிடுகிறோம். ராத்திரிக்கு வேண்டாம், காபி தூக்கத்தைக் கெடுக்கும். இன்னும் குறைகிற 15 கிராமைச் சுண்டலும் பனீரும் பார்த்துக்கொள்கின்றன.

காபி என்று சொல்லித்தான் கொடுத்து வந்தேன், ஏமாற்றிவிட்டதாகவும் நினைத்திருந்தேன். நேற்று நாலு மணிக்கு, முக்குக் கடையில் வாங்கி வந்த தட்டுவடை செட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு உள்ளேயிருந்து குரல் கொடுக்கிறார்: "கண்ணு, அந்த மருந்துக் காபியக் கொண்டா."