தெர்மாகோல் பலகையில் ஒரு குட்டி ஏர்போட்

ரிமோட் படகு செய்ய ஆசை, கையில் காசு குறைவு என்று யாராவது கேட்டால் நான் ஏர்போட்டைத்தான் கைகாட்டுவேன். காரணம் ரொம்பச் சாதாரணம்: படகின் அடியில் ஓட்டை போட வேண்டியதில்லை. தண்ணீருக்குள் புரொப்பெல்லர் சுழல வேண்டுமென்றால் அதற்கு ஒரு தண்டு வேண்டும், தண்டுக்கு ஒரு குழாய், குழாய்க்குள் கிரீஸ், அப்படியும் ஒழுகினால் அதற்கொரு வைத்தியம். ஏர்போட்டில் மோட்டாரும் புரொப்பெல்லரும் மேலே காற்றில் நிற்கின்றன. கீழே இருப்பது மிதக்கிற ஒரு பலகை, அவ்வளவுதான்.

இதில் ஒரு நஷ்டமும் உண்டு. தண்ணீர் காற்றைவிட ஏறக்குறைய 800 மடங்கு அடர்த்தியானது. தண்ணீரைத் தள்ளி முன்னே போவது சுலபம். காற்றைத் தள்ளிப் போக புரொப்பெல்லர் பெரிதாக இருக்க வேண்டும், படகு லேசாக இருக்க வேண்டும். எடை கூடினால் பெரிய மோட்டார், அதற்குப் பெரிய பேட்டரி, அந்தப் பேட்டரியைச் சுமக்க இன்னும் பெரிய உடல் என்று போய்க்கொண்டே இருக்கும். அதனால் என் மேசையில் ஸ்க்ரூ டிரைவருக்கு முன்னால் சமையலறைத் தராசுதான் வந்து உட்காரும். ஒட்டுகிற ஒவ்வொரு துண்டும் அதில் ஏறி இறங்கித்தான் படகுக்குப் போகும்.

உடலுக்கு நான் எடுத்தது ஒரு பெட்டியோடு வந்த தெர்மாகோல் பலகை. நீளம் 45 செ.மீ, அகலம் 22 செ.மீ, தடிமன் 3 செ.மீ. அதன் எடை 60 கிராம் பக்கம். பரப்பு சுமார் 1000 சதுர செ.மீ என்பதால் கணக்கு மனசிலேயே போட்டுவிடலாம்: மொத்த எடை 500 கிராம் என்றால் படகு அரை சென்டிமீட்டர்தான் அமிழும். முன்பக்கத்தை மட்டும் அடியிலிருந்து மேல்நோக்கிச் சரிவாகச் சீவ வேண்டும். அப்புறம் அடிப்பாகம் முழுக்க பேக்கிங் டேப். தண்ணீரில் வழுக்கவும் உதவும், கரையில் ஈரப் புல்மேல் ஏறிப் போகவும் உதவும்.

பசை விஷயத்தில் கவனம். சூப்பர் குளூ தெர்மாகோலைக் கரைத்துத் தின்றுவிடும். சாதாரண ரப்பர் பசையும் அப்படித்தான். மரவேலைக்கான வெள்ளைப் பசை தின்னாது, ஆனால் இரண்டு தெர்மாகோல் துண்டுகளுக்கு நடுவே ஈரம் வெளியேற வழியில்லாததால் காய்வதற்குள் பொறுமை போய்விடும். சூடு குறைந்த குளூ கன்னும், பிடிப்புக்கு நடுவில் செருகும் பல்குச்சிகளும் எனக்குப் போதுமானதாக இருக்கின்றன.

மோட்டாருக்கு, பழைய விமான மாடல் ஒன்றிலிருந்து கழற்றிய ஏ2212 வகை பிரஷ்லெஸ் (கார்பன் பிரஷ் இல்லாத, மூன்று வயர் மோட்டார்), 1000 கேவி. கேவி என்பது ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்ற கணக்கு, சுமை இல்லாதபோது. இரண்டு செல் லைப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி 7.4 வோல்ட், ஆக 7400 சுற்று. 8 அங்குல புரொப்பெல்லர் மாட்டினால் இந்த எடைக்குத் தாராளம். மூன்று செல் போடச் சொல்லி அக்கா பையன் நச்சரித்தான். "மாமா, இன்னும் வேகமா போகுமே!" போகும், தண்ணீருக்கு அடியில் போகும் என்றேன்.

அது வேடிக்கைக்குச் சொன்னதில்லை. 8 அங்குலம் என்றால் ஆரம் 10 செ.மீ. அது உடலில் தட்டாமல் சுழல மோட்டாரின் அச்சு நீர்மட்டத்திலிருந்து 15 செ.மீ உயரத்தில் வந்து நிற்கும். தள்ளுகிற விசை அங்கே மேலே, தண்ணீர் இழுத்துப் பிடிப்பதோ கீழே. இரண்டும் சேர்ந்து மூக்கைக் கீழே அமுக்கும். 400 கிராம் விசை, 15 செ.மீ உயரம், பெருக்கி 500 கிராம் எடையால் வகுத்தால் 12 செ.மீ. அதாவது முழு த்ராட்டில் (மோட்டாருக்கு முழு வேகம்) கொடுத்த நிமிடம், படகின் பாரம் மொத்தமும் 12 செ.மீ முன்னால் நகர்ந்துவிட்ட மாதிரி ஆகிறது. 45 செ.மீ படகுக்கு இது கொஞ்சநஞ்சமில்லை. பேட்டரியைப் பின்னால் தள்ளி வைப்பதும் முன்பக்கச் சரிவும் இதற்காகத்தான். பேட்டரியை நிரந்தரமாக ஒட்டாமல் வெல்க்ரோவில் வையுங்கள். புரொப்பெல்லர் ஒரு பக்கம் சுற்றும்போது உடல் எதிர்ப்பக்கம் சாயும்; பேட்டரியை ஒரு விரல் அகலம் நகர்த்தினால் அதுவும் நேராகிவிடும்.

திருப்புவதற்கு, புரொப்பெல்லருக்குப் பின்னாலேயே இரண்டு தகடுகள். பழைய பிளாஸ்டிக் ஃபைல் அட்டையை வெட்டி, ஒரு குச்சியால் இணைத்து, 9 கிராம் சர்வோ (ரிமோட் சொல்லும் கோணத்துக்குத் திரும்பி நிற்கும் குட்டி மோட்டார்) ஒன்றில் மாட்டினேன். அவற்றில் காற்று அடித்தால்தான் படகு திரும்பும். கரை நெருங்குகிறதே என்று பயந்து த்ராட்டிலைக் குறைத்தால் திருப்பமும் போச்சு, பிரேக்கும் கிடையாது. ரிவர்ஸும் இல்லை. கொஞ்சம் த்ராட்டில் கொடுத்துக்கொண்டே திரும்பப் பழக வேண்டும். ரிமோட், ரிசீவர் எல்லாம் கைவசம் இருக்கும் எதுவும் போதும். சிக்னல் அறுந்தால் மோட்டார் நிற்கும்படி ஃபெயில்சேஃப் மட்டும் கட்டாயம் அமைத்துவிடுங்கள். மோட்டார் எதிர்த்திசையில் சுற்றினால் மூன்று வயரில் ஏதாவது இரண்டை மாற்றிச் செருகினால் சரியாகிவிடும்.

பார்க்க எப்படி இருக்கிறது என்று கேட்காதீர்கள். 1905-இல் கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் அலெக்சாண்டர் கிரகாம் பெல்லின் குழு இப்படியொரு படகைச் செய்தது. எஞ்சினையும் புரொப்பெல்லரையும் சோதித்துப் பார்க்கத்தான். அதற்கு அவர்கள் வைத்த பெயரே 'அக்ளி டக்ளிங்', அதாவது அசிங்கமான வாத்துக்குஞ்சு. டெலிபோன்காரர் படகுக்கே அந்தப் பெயர் என்றால் என் படகில் டேப் தெரிவதைப் பற்றி நான் ஏன் கவலைப்பட வேண்டும்?

கஞ்சத்தனம் கூடாத இடங்கள் இரண்டு. ஒன்று, லைப்போவுக்கான பேலன்ஸ் சார்ஜர், அதாவது எல்லா செல்லையும் சமமாக ஏற்றும் சார்ஜர். ஒரு செல் 4.2 வோல்ட்டைத் தாண்டினால் தீப்பிடிக்கிற ஆபத்து உண்டு. இன்னொன்று, புரொப்பெல்லரைச் சுற்றிக் கூண்டு. நான் பிளாஸ்டிக் கூடையின் வளையத்தில் மெல்லிய கம்பி வலை கட்டியிருக்கிறேன். 30 கிராம் கூடியது, கூடட்டும். வீட்டுக்குள் மோட்டாரைச் சோதிக்கும்போது புரொப்பெல்லரைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் பேட்டரியையே செருகுவேன்.

அப்புறம், நடுத் தண்ணீரில் பேட்டரி தீர்ந்தால் என்ன செய்வது என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஒரு டென்னிஸ் பந்தைத் தூண்டில் நரம்பில் கட்டி, படகைத் தாண்டி எறிந்து மெல்ல இழுத்தால் நரம்பு கூண்டில் மாட்டிக்கொள்ளும். நீச்சல் தெரிந்தாலும் இறங்காதீர்கள். தெர்மாகோல்தானே, அதுபாட்டுக்கு மிதந்துகொண்டிருக்கும்.