புகார்தாரரும் அவர்தான், வாரிசும் அவர்தான்

என் தங்கையைக் காணவில்லை என்று முதலில் புகார் கொடுத்தது அவள் கணவர். அந்தப் புகார் கொலை வழக்காக மாறி, இப்போது அவரே குற்றம் சாட்டப்பட்டவராகச் சேலம் செஷன்ஸ் கோர்ட்டில் நிற்கிறார். விசாரணை முடியவில்லை. அவர் செய்தாரா இல்லையா என்பதைக் கோர்ட் சொல்லட்டும். பெயர்களையும் காவல் நிலையத்தையும் நான் சொல்லப்போவதில்லை. பெண்ணைக் கொடுத்த வீட்டுக்காரர்களுக்கு இப்படி ஒரு நிலைமை வந்தால் எந்தக் கதவு திறக்கும், எது திறக்காது என்பதற்காக மட்டும் எழுதுகிறேன்.

நான் ஆத்தூர் பக்கம் ஒரு ஜவ்வரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறேன். அப்பா இல்லை. தங்கையைச் சேலம் டவுனில் கொடுத்திருந்தோம். கல்யாணமாகி ஒன்பது வருடம், இரண்டாம் வகுப்பு படிக்கிற ஒரு பையன். வீட்டிலிருந்தபடியே ஒரு கொலுசுப் பட்டறைக்குச் சலங்கை கோத்துக் கொடுத்து வந்தாள். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் அம்மாவுக்கு ஃபோன் செய்யாமல் தூங்க மாட்டாள்.

ஒரு வியாழக்கிழமை ஃபோன் வரவில்லை. வெள்ளியும் வரவில்லை. நாங்கள் கூப்பிட்டால் ஸ்விட்ச் ஆஃப். மாப்பிள்ளையைக் கேட்டால், "ஃபோன் ரிப்பேருங்க மச்சான், கடையில குடுத்திருக்கு" என்றார். ஞாயிற்றுக்கிழமைதான் விஷயத்தைச் சொன்னார்: வியாழன் மதியம் அவர் வேலைக்குப் போயிருந்தபோது வீட்டை விட்டுப் போய்விட்டாளாம், சனிக்கிழமையே புகார் கொடுத்துவிட்டாராம்.

நானும் அம்மாவும் ஸ்டேஷனுக்கு ஓடினோம். 'பெண் காணவில்லை' என்று எஃப்.ஐ.ஆர். போட்டிருந்தார்கள். எழுத்தர் எங்களைப் பார்த்து, "புருஷன்தான் புகார்தாரர். தகவல் கிடைச்சா அவருக்குச் சொல்லுவோம், அவர்கிட்ட கேட்டுக்குங்க" என்றார். அவர் சொன்னது சட்டப்படி தவறும் இல்லை. எஃப்.ஐ.ஆர். நகல் இலவசமாகப் போவது புகார்தாரருக்கு அல்லது பாதிக்கப்பட்டவருக்கு. நாங்கள் அதைக் காவல்துறை இணையதளத்தில் தேடி எடுத்தோம். அதில் 'குடும்பத்தில் தகராறு எதுவும் இல்லை, மனைவி அடிக்கடி ஃபோனில் பேசிக்கொண்டிருப்பார்' என்று ஒரு வரி. இந்த ஒரு வரி போதும், அப்புறம் ஊரே மிச்சத்தை எழுதிவிடும். எங்கள் சொந்தத்திலேயே ஒரு அத்தை, "எவனோடயாச்சும் போயிருப்பா, கேஸு கீஸுன்னு அசிங்கப்படாதீங்க" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார். அம்மா குறி கேட்கப் போனாள். 'வடக்கே உயிரோட இருக்கா' என்று சொல்லி அனுப்பினார்கள். அவள் அதை நம்பிய மாதங்களைப் பற்றி நான் இங்கே எழுதவில்லை.

உறவுக்காரர் ஒருவர் காட்டிவிட்ட வக்கீலம்மாதான் முதலில் வழி சொன்னார். ஒரே சம்பவத்துக்கு இரண்டாவது எஃப்.ஐ.ஆர். போட மாட்டார்கள், அதற்காகச் சண்டை பிடிக்க வேண்டாம். ஆனால் உங்கள் வாக்குமூலத்தை அதே வழக்கில் பதிவு செய்யச் சொல்லி எழுத்தில் கேளுங்கள், கொடுத்ததற்கு சி.எஸ்.ஆர். ரசீது (மனுவைப் பெற்றுக்கொண்டதாக ஸ்டேஷனில் தரும் எண்ணிட்ட ரசீது) வாங்குங்கள், வாங்க மறுத்தால் கமிஷனருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள் என்றார். 2024 ஜூலை 1-ல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 173(4) பிரிவு இதற்குத்தான்: ஸ்டேஷனில் மறுத்தால் மேலதிகாரிக்கு, அங்கேயும் நடக்காவிட்டால் மாஜிஸ்திரேட்டுக்கு.

நான் எழுதிக்கொண்டு போன முதல் மனுவை அவர் கிழித்துப் போட்டார். அதில் 'கொன்றிருப்பாரோ என்று சந்தேகிக்கிறோம்' என்று பத்திக்குப் பத்தி இருந்தது. "சந்தேகத்தை எழுதாதீங்க, நடந்ததை எழுதுங்க. படிக்கிறவருக்குச் சந்தேகம் தானா வரணும்" என்றார். தீபாவளிக்கு வந்தபோது கையில் கன்னிப்போயிருந்தது, எட்டுப் பவுன் அடகில் இருப்பது, ஃபோன் ரிப்பேர் என்று அவர் என்னிடம் சொன்ன நாள், நேரம், என் ஃபோனில் அந்த அழைப்பின் பதிவு. இவ்வளவுதான். ஒரே பக்கம். அதைத்தான் பின்னால் எல்லா அதிகாரிகளும் படித்தார்கள்.

பட்டறைக்காரர் விஷயத்தைச் சொல்ல வேண்டும். சேலத்தில் கொலுசு வேலை தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல. வெள்ளியை எடை போட்டுக் கொடுப்பார்கள், நோட்டில் கிராம் கணக்கில் எழுதிக் கையெழுத்து வாங்குவார்கள், வேலை முடித்துத் திருப்பும்போது மறுபடியும் எடை. தங்கை போன மறு வாரம் அந்தப் பெரியவர் வெள்ளியைக் கேட்டுக்கொண்டு எனக்கே ஃபோன் செய்தார். அவர் நஷ்டம் அவருக்கு. நேரில் போய்ப் பார்த்தேன். நீள அட்டை போட்ட கணக்கு நோட்டு, அதில் அந்த வியாழக்கிழமை தேதியில் எடை, எதிரே அவள் கையெழுத்து. அவள் பெயரின் கடைசி எழுத்தைப் பள்ளிக்கூடத்திலிருந்தே கீழே இழுத்துவிடுவாள், அதே இழுப்பு. "எப்போங்க வந்து வாங்கினா?" என்றேன். "சாயந்திரம், வெளக்கு வெச்ச பொறகு வந்துச்சு பாப்பா. சனிக்கிழமை குடுத்துர்றேன்னு சொல்லுச்சு" என்றார். மதியமே வீட்டை விட்டுப் போனவள் விளக்கு வைத்த பிறகு வேலை வாங்க எப்படி வருவாள்?

நோட்டை நான் வாங்கிக்கொள்ளவில்லை. வக்கீலம்மா தொடவே கூடாது என்றார். தனியாள் கையில் மாறிய பொருளுக்குக் கோர்ட்டில் மதிப்புக் குறையும், போலீஸ்தான் மகஜர், அதாவது சாட்சிகள் முன்னால் எழுதும் பதிவு, எழுதிக் கைப்பற்ற வேண்டும். படம் மட்டும் எடுத்துக்கொண்டு, அதையும் சேர்த்து இன்னொரு மனு போட்டோம்.

சிசிடிவிக்கும் அதே கதை. தெருமுனை மளிகைக் கடையில் கேமரா இருந்தது. பெரும்பாலான கடைகளில் சில வாரங்களில் பழைய பதிவின் மேல் புதுப்பதிவு ஏறிவிடும். கடைக்காரரிடம் அழிக்காமல் வைக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தோம், அவரும் நல்ல மனிதர், ஆனால் போலீஸ் வந்து எடுப்பதற்குள் அது போய்விட்டது. எந்த டவரில் ஃபோன் இருந்தது என்பதும் சேர்ந்த செல்போன் அழைப்புக் கணக்கு அப்படிப் போகாது. 2021 டிசம்பரிலிருந்து கம்பெனிகள் அதை இரண்டு வருடம் வைத்திருக்க வேண்டும் என்று விதி. ஆனால் அதைப் போலீஸ் கேட்டால்தான் கொடுப்பார்கள், நாம் போய்க் கேட்க முடியாது. கேமராவுக்கு முதலில் ஓடுங்கள், டவர் கணக்கு காத்திருக்கும்.

மாதங்கள் போயும் ஸ்டேஷனில் 'தேடிக்கிட்டிருக்கோம்' என்ற பதில்தான். அம்மா பெயரில் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டோம். சேலம் மதுரைக் கிளைக்கு வராது, சென்னைதான். யாரோ சட்டவிரோதமாகப் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்பதற்கான மனு இது, காணாமல் போனவர்கள் எல்லோருக்கும் பொருந்தாது, தள்ளுபடியும் ஆகலாம் என்று வக்கீலம்மா முன்பே சொல்லிவிட்டார். ஆனாலும் போட்டதற்குக் காரணம் உண்டு. இந்த மனு வந்தால் என்ன செய்தீர்கள் என்று போலீஸ் எழுத்தில் அறிக்கை கொடுத்தாக வேண்டும். கொடுத்த அறிக்கையில் எங்கள் வாக்குமூலம், பட்டறை நோட்டு எதுவுமே இல்லை. அதை எடுத்துக் காட்டியதும் விசாரணை வேறொரு அதிகாரி கைக்குப் போனது. வழக்கு நகர்ந்தது அன்றைக்குத்தான்.

புதிய அதிகாரி செய்த முதல் வேலை, பக்கத்து ஸ்டேஷன்களில் அடையாளம் தெரியாத பெண் சடலங்களின் பட்டியலைக் கேட்டது. சேலம் டவுன் போலீஸ் கமிஷனருக்குக் கீழே, ஏற்காடு போலீஸ் மாவட்ட எஸ்.பி.க்குக் கீழே. அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறினால் ஏற்காடு, டவுனிலிருந்து முப்பது கிலோமீட்டர் சுமார். அவ்வளவு பக்கம், ஆனால் வேறு கோப்பு. மலைப்பாதைக்குக் கீழே உண்ணிப் புதருக்குள் விறகு பொறுக்கப் போனவர்கள் எலும்புகளைப் பார்த்திருக்கிறார்கள். அங்கே முறையாகச் சந்தேக மரணம் என்று அதே புதிய நடைமுறைச் சட்டத்தின் 194-வது பிரிவில் வழக்குப் பதிந்து, எலும்புகளை சேலம் ஜி.ஹெச்.சுக்கு அனுப்பி, துணிகளைப் பத்திரமாக வைத்திருந்தார்கள்.

அடையாளம் காட்ட நான் போனேன். அம்மாவைக் கூட்டிப் போகவில்லை. பழுப்புக் கவரிலிருந்து எடுத்து விரித்தார்கள். மண் ஏறிப்போன நைட்டி, மெரூன் கலரில் சின்னச் சின்ன வெள்ளைப் பூ, கழுத்தில் ஜிப் வைத்தது. நான் எதுவும் சொல்வதற்கு முன்பே அங்கிருந்த பெண் காவலர் அதிகாரியிடம் மெல்லச் சொன்னார்: "சார், ஓடிப்போற பொம்பள நைட்டியோடவா சார் போவா?" எங்கள் மனுக்களில் எங்குமே இல்லாத வாதம் அது.

அப்புறம் அறிவியல். மண்டை ஓட்டையும் அவள் கல்யாண ஃபோட்டோவையும் பொருத்திப் பார்க்கும் சோதனை, தொடை எலும்பிலும் கடைவாய்ப் பல்லிலும் டி.என்.ஏ. ஒப்பிட அம்மாவிடமும் பையனிடமும் கோர்ட் அனுமதியோடு ரத்தம் எடுத்தார்கள். முடிவு வர ரொம்ப நாள் ஆகும். அதற்கு முன்பே டவர் கணக்கு வந்துவிட்டது. வியாழன் ராத்திரி வீட்டில் தூங்கியதாகச் சொன்ன மாப்பிள்ளையின் ஃபோன் நள்ளிரவுக்கு மேல் மலையடிவார டவரில் இருந்தது என்று குற்றப்பத்திரிகை சொல்கிறது. 'பெண் காணவில்லை' வழக்கு புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 103, 238 பிரிவுகளுக்கு, அதாவது கொலைக்கும் சாட்சியத்தை மறைத்ததற்கும், மாற்றப்பட்டது. அவரைக் கைது செய்தார்கள்.

கைதானதும் எல்லாம் முடிந்தது என்று சொந்தக்காரர்கள் நினைத்தார்கள். இல்லை. கைதாகி ரிமாண்டில் வைத்த நாளிலிருந்து 90 நாளுக்குள் குற்றப்பத்திரிகை போடாவிட்டால் கொலை வழக்கிலும் ஜாமீன் கேட்பது குற்றம் சாட்டப்பட்டவரின் உரிமை. ஆய்வக அறிக்கைக்குக் காத்திருக்காமல், 'பின்னர் தாக்கல் செய்யப்படும்' என்று எழுதி நாள் தவறாமல் போட்டார்கள். வரதட்சணை மரணம் என்று ஏன் போடவில்லை என்று நிறையப் பேர் கேட்டார்கள். அது கல்யாணமாகி ஏழு வருடத்துக்குள் நடந்த சாவுக்குத்தான். கோட்டாட்சியர் (ஆர்.டி.ஓ.) நடத்தும் விசாரணையும் அந்தக் கணக்குத்தான். எங்களுக்கு ஒன்பது வருடம் ஆகிவிட்டது.

இதற்கு நடுவே என்னை எரிச்சல்படுத்திய ஒன்று உண்டு. 90 நாளுக்குள் விசாரணை நிலவரத்தைப் புகார்தாரருக்கோ பாதிக்கப்பட்டவருக்கோ சொல்ல வேண்டும் என்று புதிய சட்டத்தில் நல்ல விதி இருக்கிறது. எங்கள் வழக்கில் புகார்தாரர் யார்? சிறையில் இருப்பவர். பாதிக்கப்பட்டவர் என்றால் இறந்தவரின் சட்ட வாரிசும் சேரும். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி கல்யாணமான பெண்ணுக்கு முதல் வாரிசு பிள்ளையும் கணவனும். பெற்ற தாய் கணவனின் வாரிசுகளுக்கும் பிறகு, மூன்றாவது வரிசை. பையனுக்கு இயற்கைக் காப்பாளர்? அப்பா. எந்த ஃபாரத்தை எடுத்தாலும் முதல் கட்டத்தில் அவர் பெயர்தான் வருகிறது. கொலை செய்தவர் கொலையுண்டவரின் சொத்தை அடைய முடியாது என்று அதே சட்டத்தின் 25-வது பிரிவு சொல்கிறது, ஆனால் அதற்குத் தீர்ப்பு வர வேண்டும்.

வழி என்னவென்றால், பையனுக்குக் காப்பாளராக அம்மாவை நியமிக்கச் சொல்லி மனு போடுவது. மாப்பிள்ளையின் அம்மாவும் எதிர்மனு போட்டார். நீதிபதி பையனைத் தனியாக அழைத்துப் பேசினார். இப்போதைக்கு எங்களிடம் இருக்கிறான், அந்தப் பாட்டி மாதத்தில் ஒரு ஞாயிறு வந்து பார்க்கலாம் என்று உத்தரவு. அவர் வருகிறார், முறுக்கு சுட்டு எடுத்துவருகிறார். நானும் காபி போட்டுக் கொடுக்கிறேன். அம்மா உள்ளே போய்விடுவாள். காப்பாளர் உத்தரவு வந்த பிறகுதான் நகல் கேட்கவும், அரசு வழக்கறிஞருக்கு உதவியாக எங்கள் வக்கீலை வைக்கவும், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பையனுக்கு இடைக்கால இழப்பீடு கேட்கவும் சிக்கல் இல்லாமல் போனது. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் கொடுப்பதும் அந்த ஆணைக்குழுதான். அது எங்களுக்குத் தெரிய வருவதற்குள் வக்கீல் செலவுக்கு ஒரு மாட்டை விற்றிருந்தோம்.

டி.என்.ஏ. பொருந்தியது. கொன்றதைப் பார்த்த சாட்சி யாரும் இல்லை. கடைசியாக அவள் உயிரோடு எங்கே இருந்தாள் என்பதும், ராத்திரி வீட்டுக்குள் கணவன் மனைவிக்கு நடுவே நடந்ததை விளக்க வேண்டியவர் யார் என்பதும்தான் வழக்கு. அவருக்கு மட்டுமே தெரிந்திருக்கக்கூடிய விஷயத்தை அவர்தான் விளக்க வேண்டும் என்று சாட்சியச் சட்டத்தில் இருக்கிறது. பழைய சட்டத்தில் 106, இப்போது 109. ஆனால் அன்று இருவரும் ஒரே வீட்டில் இருந்தார்கள் என்பதை அரசுத் தரப்பு முதலில் நிரூபித்தாக வேண்டும்.

அதனால்தான் பட்டறைப் பெரியவரின் சாட்சியம் அவ்வளவு நேரம் நடந்தது. நோட்டில் தேதி இருக்கிறது, எடை இருக்கிறது, நேரம் இல்லையே என்று எதிர்த்தரப்பு வக்கீல் மடக்கினார். "காலையில எங்கிட்ட வெள்ளியே இல்லீங்க. அன்னிக்கு சரக்கு வந்ததே நாலு மணிக்கு மேலதான்" என்றார் பெரியவர். சரக்கு வந்த பில்லைக் காட்ட முடியுமா என்று கேட்டார்கள். அது வீட்டில் இருக்கிறது என்றார். அடுத்த வாய்தாவுக்கு அதை எடுத்துவரச் சொல்லியிருக்கிறார்கள். டவர் கணக்கு கொடுத்த செல்போன் கம்பெனி அதிகாரிக்கும் அன்றைக்கே சம்மன் போயிருக்கிறது.